சட்டைப்பை வைத்த மூலை

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி இருபது நிமிடத்துக்குத் தவறு தொடங்கியது. அந்த நேரத்தில் அது தவறு என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருடங்களில் எங்கள் வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவியின் போன் அடித்தது. எடுத்தவள் "ம், ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டாள். பேசியது எங்கள் மகளின் மாமியார், திருப்பத்தூரிலிருந்து. காலையில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், சம்பந்தியிடமும் சொல்லிவிடுங்கள் என்றாராம். சம்பந்தி என்றால் நான். அந்தச் சொல்லால் அதுவரை என்னை யாரும் குறிப்பிட்டதில்லை. குறிப்பிட நான் விட்டதுமில்லை.

மனைவி போனை வைத்துவிட்டு நேராக அலமாரிக்குப் போனாள். மடித்து வைத்திருந்த விரிப்பையும், அதன் மேல் தனியாக வைத்திருந்த ஒரு துண்டுத் துணியையும் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் வைத்தாள்.

"முடிச்சிடுங்க" என்றாள்.

அந்த விரிப்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மகள் ஏழாவது மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று மனைவிக்கு ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பழைய துணிகள் குறைய ஆரம்பித்தன. பிறந்த குழந்தையின் உடம்பில் புதுத்துணி படக்கூடாது, பலமுறை துவைத்து நைந்த துணிதான் படவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுடைய இரண்டு கைத்தறிப் புடவைகள், என் கைலிகள், மகளின் பாவாடை, தாவணி எல்லாம் ஆறு அங்குலச் சதுரங்களாகிக்கொண்டிருந்தன. ஒரு நாள் வேலை விட்டு வந்தபோது மெஷினில் பாதி தைத்த துணி கிடந்தது. தையல் கோணலாகப் போயிருந்தது. கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து, பிரித்து, நேராகத் தைத்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்து வெட்டுவது அவள், தைப்பது நான் என்று ஆயிற்று. யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழுக்கு ஏழு, நாற்பத்தொன்பது சதுரம். நாற்பத்தெட்டு முடிந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று எதையும் முழுதாகச் செய்து வைக்கக் கூடாது என்று அவள் பிறந்த வீட்டில் சொல்வார்கள். ஆகவே ஒரு மூலை திறந்தே இருந்தது. அதற்கான துண்டு மகளின் எட்டாம் வகுப்புப் பள்ளிச் சட்டையிலிருந்து வெட்டியது. நீலக் கட்டம் போட்ட துணி. சட்டைப்பை இருந்த பகுதியை அப்படியே வெட்டியிருந்தாள். பையின் அடியில் பேனா கசிந்த கறை இருந்தது, எவ்வளவு துவைத்தும் போகாத கறை. பையைப் பிரித்து எடுத்துவிடலாமே, தடிமன் குறையும் என்று நான் முன்பே சொன்னேன். பை இருக்கட்டும் என்றுவிட்டாள்.

போன் வந்த அந்த மாலை நான் தைக்க உட்கார்ந்தபோது என் கால் மிதியில் நிற்கவில்லை. பேத்தி என்ற சொல் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மூலையில் துணியை மடித்தபோது, பையோடு சேர்த்து ஒன்பது மடிப்பு இருந்திருக்கும். பதினாலாம் நம்பர் ஊசி அதைத் தாங்காது, பதினெட்டு போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் மாற்ற மனமில்லை. பையின் ஓரத்தில் ஊசி டக்கென்று உடைந்தது.

இருபத்தாறு வருடமாக ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். முதல் பதினோரு வருடம் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தேன். இப்போது குழந்தைகள் ஷூ தைக்கும் பிரிவில் ஊசிகளுக்கு நான் பொறுப்பு. அங்கே ஊசி உடைந்தால் அந்த மெஷின் நிற்கும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்க வேண்டும். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் முழு ஊசியின் கோட்டுப்படம் இருக்கும். அதன் மேல் துண்டுகளைப் பொருத்தி வைத்து, நீளம் சரியா என்று பார்த்து, செல்லோடேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி தருவேன். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்த ஷூ அத்தனையும் மெட்டல் டிடெக்டர் பெல்ட்டில் போய் வரவேண்டும். இந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் உண்டு. மகள் சிறுமியாக இருந்தபோது கண்ணாடி டம்ளர் உடைந்தால் சில்லுகளை எல்லாம் பொறுக்கித் தாளில் அடுக்கி, டம்ளர் முழுதாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அவளைத் தரையில் கால் வைக்க விடுவேன். கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டு "முழுசாச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அன்றும் துண்டுகளைத் தேடினேன். மேல்பாதி மெஷினிலேயே மாட்டியிருந்தது, இன்னொன்று துணி மேல் கிடந்தது. காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் இரண்டையும் ஒட்டி, மெஷின் டிராயரில் வைத்தேன். புது ஊசி போட்டு மூலையை முடித்தேன். துண்டுகளை ஒரு முழு ஊசிக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கவில்லை. தினமும் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் நான் கேட்கவில்லை. காரணம் தேடினால் சந்தோஷம் என்றுதான் சொல்ல முடிகிறது.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் மனைவி விரிப்பை இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்து, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் வருவேனா என்று கேட்கவில்லை. ஆடிட் இருக்கிறது என்று நானாகவே சொன்னேன். ஆடிட் எதுவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மகள், கூடப் படித்தவனைக் கட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் போய் நின்றாள். அவர்கள் வேறு ஆட்கள். எப்படி வேறு என்று இங்கே எழுத எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. அன்று கூச்சமாக இல்லை. எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பையனின் அம்மா ஓரமாக, புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து, "உங்க வூட்ல தொட்டில் ஆடாது" என்றேன். மகள் என்னைப் பார்த்தாள். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மனைவி அன்று மாலை திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்களாம். அந்தம்மா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார், கூடத்தில் மெஷின் இருக்கிறது, கையில் எடுத்ததும் விரிப்பைத் திருப்பிப் பார்த்து, யார் தைத்தது என்று கேட்டாராம். மகள் நீலக் கட்டத் துண்டைப் பார்த்துவிட்டுப் பையில் இரண்டு விரலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு குழந்தையை அதன் மேல் கிடத்தினாளாம். "படுத்ததும் தூங்கிப்போச்சு" என்று மனைவி சொன்னாள். அதையே இரண்டு முறை சொன்னாள்.

ஆறு நாள் கழித்து, காலை பதினொன்றே காலுக்கு, கம்பெனியில் ஒரு ஊசி உடைந்தது. தைத்துக்கொண்டிருந்தவர் பதினைந்து வருடம் அனுபவமுள்ள ஒரு அம்மா. வீட்டில் உருது பேசுபவர், வாய் அடங்காதவர். துண்டுகளைக் காந்தத்தில் ஒற்றி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மூணு துண்டு சார். ஜாஸ்தி பேஜார் பண்ணாம அளந்து பாத்துட்டு ஊசியக் குடுங்க. உங்க வூட்ல உப்பக்கூட எண்ணித்தான் போடுவீங்களாமே."

பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி துண்டுகளைக் கோட்டுப்படத்தின் மேல் வைத்தேன். மேல்பாதி. நடுத்துண்டு. முனை. முனை ஒரு அரிசி அளவுதான் இருந்தது. இடுக்கியால் அதை எடுத்து வைத்தபோதுதான் என் வீட்டு டிராயரில் இருக்கிற காலண்டர் தாள் நினைவுக்கு வந்தது. அதில் இரண்டு துண்டுதான் ஒட்டியிருந்தேன். கையெழுத்துப் போட முடியவில்லை. "இன்னா சார், மயக்கம் வருதா?" என்று அந்த அம்மா என் தோளைப் பிடித்தார்.

மேனேஜரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டிராயரைத் திறந்து, தாளை எடுத்து, ஒரு முழு ஊசியைப் பக்கத்தில் வைத்தேன். மேல்பாதியும் அடுத்த துண்டும் சேர்ந்து, ஊசியின் காது வரை சரியாக வந்தன. அதற்குக் கீழே முனை இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மெஷினைக் கவிழ்த்துத் தேடினேன், தரையில் காந்தத்தை இழுத்தேன். பதினெட்டு நாள் பெருக்கிய தரை. எதுவும் கிடைக்கவில்லை.

மனைவி தாளைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். முதலில் அவள் கேட்டது குழந்தையைப் பற்றி. அடுத்துக் கேட்டது நான் நினைத்தும் வாய்விட்டுச் சொல்லாததை.

"நம்ம வூட்ல இருந்து போன துணியில ஊசின்னா, அவங்க இன்னா நெனைப்பாங்க?"

எலுமிச்சம்பழத்தில் ஊசி, பொம்மையில் ஊசி. எங்கள் பக்கத்தில் பகை இருக்கிற வீட்டிலிருந்து வந்த துணியில் ஊசி இருந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. அதுவும் தொட்டில் ஆடாது என்று நாலு பேர் முன்னால் சொன்னவனின் வீட்டிலிருந்து. சாயம் போகிற துணி, திருப்பித் தாருங்கள், வேறு தைத்துத் தருகிறோம் என்று சொல்லி வாங்கிவந்துவிடலாமா என்று மனைவி கேட்டாள். நானும் அதை யோசித்தேன். யோசித்த நேரத்தை மறைக்க விரும்பவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் குழந்தை அதன் மேல் படுத்திருக்கலாம். சாயம் போவதற்காக யாரும் தூங்குகிற குழந்தையை உடனே தூக்க மாட்டார்கள். ஊசி என்றால்தான் தூக்குவார்கள்.

மகளின் போன் அணைந்திருந்தது. அவள் மாமியாரின் எண்ணுக்கு அடித்தேன். யார் என்று சொன்னேன். குழந்தையை விரிப்பிலிருந்து தூக்கிவிடுங்கள் என்றேன். ஊசி உடைந்ததையும் முனை கிடைக்காததையும் அளக்காமல் விட்டதையும் வரிசையாகச் சொன்னேன். கம்பெனியில் மெட்டல் டிடெக்டர் இருக்கிறது, நான் உடனே வந்து விரிப்பை வாங்கிப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"எத்தனாம் நம்பர் ஊசி?" என்று கேட்டார்.

"பதினாலு."

"எந்த எடத்துல ஒடஞ்சுது?"

நீலக் கட்டம், பை வைத்த மூலை என்றேன்.

"நீங்க வர வேணாம்" என்றார். போன் நின்றுவிட்டது.

திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. மனைவி அடித்தாள், எடுக்கவில்லை. வர வேண்டாம் என்றதை நான் ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது, ஏற்கெனவே ஆகியிருக்கிறது, அது ஏன் என்று இப்போது நானே போன் செய்து சொல்லியிருக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன், திரும்பினேன். போய் நின்றால் மகளுக்குத்தான் அந்த வீட்டில் கஷ்டம் என்று மனைவி சொன்னாள். அவள் அழவில்லை. டிராயரில் இருந்த ஊசிகளையெல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் உட்கார முடியாமல் இரண்டு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருடத்துப் பக்கங்கள், எத்தனை ஊசிகள், எல்லாம் முழுசு. எங்கோ கண் காணாத நாட்டில் யாரோ பெற்ற பிள்ளைகளின் கால்களுக்காக அத்தனையும் அளந்திருந்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தார். "சார், உங்க சம்பந்தின்னு ஒரு அம்மா வந்திருக்காங்க."

தனியாக வந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்த முகம். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது, எடுத்து வைக்க மறந்திருக்க வேண்டும். கையில் அதே மஞ்சள் பை. குழந்தை, என்று மட்டும் கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். காலையில் குதிங்காலில் சின்னக் கீறல் ஒன்று இருந்ததாம், நகம் பட்டது என்று நினைத்திருந்தார்களாம். இப்போது நகமா ஊசியா என்று தெரியாது, டாக்டரிடம் காட்டினோம், ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார் என்றார். அந்தக் கீறல் எதனால் வந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

கம்பெனிப் பொருள் அல்லாத எதுவும் அந்த பெல்ட்டில் போகக் கூடாது. மேனேஜர் நான் சொன்னதைக் கேட்டார், எத்தனை நாள் குழந்தை என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டரில் பொருளின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் குழந்தை விரிப்பு என்று எழுதினேன். மெஷின்களில் இருந்தவர்கள் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விரிப்பை நாலாக மடித்து பெல்ட்டில் வைத்தேன். உள்ளே போனது. பெல்ட் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒவ்வொரு பக்கமாக வைத்துப் பார்த்து, கடைசியில் நீலக் கட்ட மூலை என்று தெரிந்தது. சம்பந்தியம்மாவே தையலைப் பிரித்தார். பையின் அடி மடிப்பில், மைக்கறை இருந்த இடத்தில், முனை மாட்டியிருந்தது. வீட்டிலும் தடவிப் பார்த்தாராம், காந்தம் வைத்தும் பார்த்தாராம், மடிப்புக்குள்ளே இருந்ததால் வரவில்லை என்றார். என் சட்டைப்பையில் இருந்த காலண்டர் தாளை எடுத்து, முனையை அதன் இடத்தில் ஒட்டினேன். மூன்று துண்டும் சேர்ந்து ஊசி முழுசானது. அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் பேசினார். நான் போன் செய்தபோது ரவிக்கை வாங்க வந்த பெண்கள் கூடத்தில் இருந்திருக்கிறார்கள். ஊசி என்றதும் நாலு பேர் கூடிவிட்டார்கள். தெரிந்தே வைத்த ஊசிதான், விரிப்பைக் கொண்டுபோய்க் கொளுத்து என்றார்களாம். அதனால்தான் என்னை வர வேண்டாம் என்றாராம். காவல் நிலையத்தில் நான் சொன்னது அவருக்கும் நினைவு வந்ததாம். அதை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"உங்க பொண்ணுதான் வாயத் தொறந்தா. எங்கப்பா சண்ட போட்டா நேரா நின்னு போடுவாரு, ஊசி வெச்சிலாம் போட மாட்டாரு, மொனை காணோம்னு அவரு சொன்னா அளந்து பாத்துட்டுத்தான் சொல்லுவாருன்னா. எல்லாரும் வாய மூடிக்கினாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று பிரித்துச் சொல்லவில்லை, ஊசிக்கும் சேர்த்து, தொட்டிலுக்கும் சேர்த்து. அவர் விரிப்பை மடித்துப் பையில் வைக்கப் போனார். பிரித்த மூலை தொங்கியது. இங்கேயே தைத்துக் கொடுத்துவிடுகிறேன், ஐந்து நிமிடம், என்றேன்.

அவர் திரும்பி வரிசை வரிசையாக இருந்த மெஷின்களைப் பார்த்தார். "இதெல்லாம் தோல் தைக்கிற ஊசி, துணிய வெட்டிப்புடும்" என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"எங்க வூட்லயும் மெஷின் இருக்குது சம்பந்தி. ஞாயித்துக்கெழம உங்க வூட்டம்மாவக் கூட்டிக்கினு வந்து தைங்க. ஊசிய மட்டும் எண்ணிக் கொண்டாங்க."